கந்தகம் ஏறிய இறப்பர்: மட்டக்களப்பு வாவிக்கரை ரயர்க்கடைகளின் இரசாயனம்

பச்சை இறப்பர் வெயிலில் இளகிக் கையில் ஒட்டும், குளிரில் விறைக்கும், இழுத்து வைத்தால் இழுத்தபடியே தளர்ந்துவிடும், பெற்றோலில் ஊறிக் கரைந்துபோகும். இதே இறப்பரின் நூறு பங்கில் இரண்டு மூன்று பங்கு கந்தகத்தைக் கலந்து, போதிய நேரம் சூட்டில் வைத்தால் அது வேறு பொருளாகிவிடும். இழுத்தால் நீளும், விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும். பெற்றோலில் வீங்குமே தவிரக் கரையாது. வல்கனைசுப்படுத்தல் என்று பாடநூல்கள் சொல்லும் இந்த மாற்றம், சாதாரணப் பல்பகுதியம் ஒன்றைக் கந்தகத்தால் மாற்றிப் பயனுள்ள பொருளாக்கும் முறைகளில் முதலில் வந்தது. இன்றும் உலகில் மிகப் பெரிய அளவில் நடப்பதும் இதுதான்.

மட்டக்களப்பு வாவியின் கரைகள் இறப்பர் விளையும் நிலம் அல்ல. இலங்கையில் இறப்பர் என்றால் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி போன்ற ஈரவலய மாவட்டங்கள். வாவிப் பிரதேசம் நெல்லும் தென்னையும் மீனும் இறாலுமாக வாழும் உலர்வலயம். ஆனாலும் கந்தகம் ஏறிய இறப்பர் இல்லாமல் இங்கே ஒரு நாள்கூடக் கழியாது. வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களில் உழவு இயந்திரமும் லாண்ட்மாஸ்டரும் ஓட வேண்டும். கிழக்கே எழுவான்கரையில் மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் விடியுமுன் புறப்பட வேண்டும். காத்தான்குடி வியாபாரியின் லொறி கொழும்புக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஏறாவூர், செங்கலடி, வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி என்று எந்தச் சந்தியில் நின்றாலும் ரயர்க்கடை ஒன்று கண்ணில் படுவது இதனால்தான். சின்னக் கடைகளில் ரியூப் ஒட்டுவார்கள்; பெரிய பட்டறைகள் தேய்ந்த ரயருக்குப் புது மேற்பட்டி போட்டு ரீபில்ட் செய்யும். இரண்டிலும் கைப்பழக்கத்தால் நடத்தப்படுவது ஒரே பல்பகுதியத் தாக்கம்.

இறப்பர்ப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இறப்பர். மிச்சத்தில் பெரும்பகுதி நீர். போமிக்கமிலம் விட்டுத் திரளவைத்து, உருளையில் தகடாக அழுத்தி, புகையூட்டி உலர்த்தினால் சந்தைக்கு வரும் தகட்டிறப்பர் கிடைக்கும். அதன் மூலக்கூறு, ஐசோப்பிரீன் என்ற ஐந்து காபன் அலகு பத்தாயிரத்துக்கு மேல் தொடர்ந்து சேர்ந்த நெடுஞ்சங்கிலி. ஒவ்வோர் அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு மிஞ்சி நிற்கிறது. சங்கிலிகள் சுருண்டும் பின்னியும் கிடக்கின்றனவே தவிர ஒன்றோடொன்று கட்டப்படவில்லை. இழுத்துப் பிடித்தால் மெல்ல மெல்ல வழுக்கி இடம் மாறிக்கொள்ளும். பச்சை இறப்பரின் குறைகள் எல்லாவற்றுக்கும் மூலம் இந்த வழுக்கல்தான்.

மஞ்சள் தூளாகக் கடையில் கிடைக்கும் கந்தகம் எட்டு அணுக்கள் வளையமாகச் சேர்ந்த மூலக்கூறு. சூடேறும்போது வளையம் திறக்கிறது. இறப்பர்ச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்துக் காபனில் உள்ள ஐதரசன் எளிதில் விலகக்கூடியது. கந்தகம் வந்து பிடிக்கும் இடம் பெரும்பாலும் அதுவே. ஒரு முனையில் ஒரு சங்கிலியையும் மறுமுனையில் அடுத்த சங்கிலியையும் பிடித்துக்கொண்டு கந்தக அணுக்கள் பாலமாகின்றன. நூலை எவ்வளவு குவித்தாலும் முடிச்சு விழாதவரை அது வலையாகாது, இறப்பரும் அப்படித்தான். முடிச்சுகள் நெருக்கமாக இருக்க வேண்டியதும் இல்லை. ஏறத்தாழ நூறு ஐசோப்பிரீன் அலகுக்கு ஒன்று விழுந்தால் போதும், ஒரு ரயர் முழுவதும் ஒரே மூலக்கூறு போல நடந்துகொள்ளும்.

அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் 1839இல் வல்கனைசுப்படுத்தலைக் கண்டுபிடித்தார். இறப்பருக்குக் கந்தகம் பூசி வெயிலில் காயவைக்கும் முறை நத்தானியேல் ஹேவார்ட் என்பவரிடம் ஏற்கெனவே இருந்தது. அந்த உரிமையை வாங்கிய குட்இயர், கந்தகம் கலந்த இறப்பர் சூட்டில் உருகாமல் தோல் போல உறுதிப்படுவதைக் கண்டார். இங்கிலாந்தில் தோமஸ் ஹான்கொக் 1843இல் முந்திக்கொண்டு காப்புரிமை பெற்றார். குட்இயருக்கு அமெரிக்கக் காப்புரிமை 1844இல் கிடைத்தது. வழக்குகளிலும் கடனிலும் அலைந்த குட்இயர் 1860இல் கடனாளியாகவே இறந்தார். கந்தகம் இறப்பருக்குள் என்ன செய்கிறது என்பது அவருக்கோ ஹான்கொக்குக்கோ தெரியாது. நெடுஞ்சங்கிலி மூலக்கூறு என்ற கருத்தே 1920களில்தான் வேரூன்றியது. காரணம் தெரியாமலே கைவந்த ஒரு தாக்கத்தின் மேல் எண்பது ஆண்டு காலம் ஒரு பெருந்தொழில் வளர்ந்தது என்பது வியக்கத்தக்கது.

இலங்கைக்கு இந்தத் தொழிலில் சிறிய பங்கு அல்ல. ஹென்றி விக்ஹாம் பிரேசிலில் இருந்து கொண்டுவந்த விதைகள் 1876இல் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றில் 1,919 நாற்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடை தோட்டத்தில் வளர்க்கப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அந்த மரங்களும் தாய். 1909இல் தொடங்கிய ஆய்வு முயற்சியே இன்று அகலவத்தையில் இயங்கும் இறப்பர் ஆராய்ச்சி நிலையம். அதன் இரசாயன ஆய்வுகூடங்கள் இரத்மலானையில் உள்ளன. 1952இல் சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர்–அரிசி உடன்படிக்கையில் இலங்கை இறப்பரைக் கொடுத்து அரிசியை வாங்கியது. கந்தகம் தொழிற்சாலையில் மட்டும் இறப்பரைச் சந்திக்கிறது என்றும் நினைக்கக் கூடாது. இலையில் படரும் சாம்பல்நோய்க்குத் தோட்டங்களில் கந்தகத் தூளைத்தான் விசிறுவார்கள். இலங்கைக்குப் பெயர் வாங்கித் தந்த வெளிர்நிறக் கிரேப் இறப்பர் நிறம் மாறாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் இருசல்பைற்றும் கந்தகச் சேர்வையே.

வெறும் கந்தகத்தால் இறப்பரை வேகவைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. நூறு பங்கு இறப்பருக்கு எட்டுப் பங்கு கந்தகம் போட்டு 140 பாகை செல்சியசில் ஐந்து மணி நேரம் வைக்க வேண்டும். நாக ஒட்சைட்டைச் சேர்த்ததும் அது மூன்று மணி நேரமாகக் குறைந்தது. பெரிய திருப்பம் 1906இல் வந்தது. ஜோர்ஜ் ஓன்ஸ்லேகர் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர், அனிலீன் என்ற சேதனச் சேர்வை இந்தத் தாக்கத்தை வெகுவாக விரைவுபடுத்துவதைக் கண்டார். அனிலீன் நஞ்சு என்பதால் அதன் வழிப்பொருட்களைத் தேடினார்கள். 1921இல் மேர்கப்ரோபென்சோதயசோல் என்ற ஊக்கி வந்தது. அதன் குடும்பம்தான் இன்றும் ரயர்த் தொழிலைத் தாங்கி நிற்கிறது. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் அதற்குள்ளேயும் கந்தகம் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நாக ஒட்சைட்டு, இசுத்தியரிக்கமிலம், ஊக்கி மூன்றும் சேர்ந்து கந்தகத்தை முதலில் தம்மோடு பிணைத்து, பிறகு இறப்பருக்குக் கைமாற்றுகின்றன. அரைப் பங்கு ஊக்கி ஐந்து மணி நேரத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்கும். கந்தகமும் வீணாவதில்லை. ஊக்கி இல்லாத காலத்தில் ஒரு முடிச்சுப் போட நாற்பது ஐம்பது கந்தக அணுக்கள் செலவாயின. நல்ல ஊக்கியுடன் நாலைந்து போதும்.

சந்திக் கடை ரியூப் ஒட்டில் இந்த இரசாயனம் முழுவதும் கையகலத்தில் நடக்கிறது. காற்றடித்த ரியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பார்த்து அடையாளம் வைப்பார்கள். அந்த இடத்தைத் துடைத்து உலர்த்தி, அரத்தால் அல்லது மணற்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்ப்பார்கள். பளபளப்பு என்பது ஒட்சிசனும் வெயிலும் பட்டு முதிர்ந்த தோல். அதன் மேல் எதுவும் பிடிக்காது. தேய்த்த தூளைத் துடைத்துவிட்டு சொலுசன் பூசி, அது உலரும்வரை காத்திருக்க வேண்டும். விரலின் பின்புறத்தால் தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது. பிசுக்கு மட்டும் இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அவசரக்காரரின் ஒட்டு கெடுகிறது. கரைப்பான் உள்ளே அடைபட்டால் சூட்டில் அது ஆவியாகி ஒட்டைக் கிளப்பிவிடும். பிறகு வேகாத இறப்பர்த் துண்டை வைத்து, மேலும் கீழும் தகடு கொடுத்து மரையை இறுக்கிச் சூடேற்றுவார்கள். முன்பு தகட்டின் மேல் இருக்கும் கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றிக் கொளுத்தினார்கள், இப்போது மின்சூடு. அழுத்தம், சூடு, நேரம் மூன்றும் கூடினால் துண்டில் உள்ள கந்தகம் ரியூபின் சங்கிலிகளையும் எட்டிப் பிடிக்கும். ஒட்டு ஆறிய பின் அதன் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்ப்பார்கள். கிளம்பினால் அது பசை ஒட்டு, கிளம்பாவிட்டால் இரண்டும் ஒரே இறப்பர்.

சூடில்லாமல் ஒட்டும் பட்சும் இதே தத்துவம்தான். கந்தகத்தையும் வேகமான ஊக்கியையும் தனித்தனிப் பக்கத்தில் வைத்திருப்பார்கள், ஒன்று பட்சிலும் மற்றது சொலுசனிலுமாக. இரண்டும் சந்தித்த பிறகு அறைவெப்பத்திலேயே மெல்லத் தாக்கம் நடக்கும். ஆகவே ஒட்டிய உடனே அதன் முழுப் பலம் வராது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போகும் பொருட்களுக்குக் கட்டுப்பாடுகள் இருந்த ஆண்டுகளில், சைக்கிள்தான் குடும்பத்தின் வண்டியாக இருந்தது. ஒட்டுக்கு மேல் ஒட்டு விழுந்த ரியூபை அந்தத் தலைமுறை நன்றாக அறியும்.

கறுப்பு ரியூப் எல்லாம் ஒன்றல்ல என்பது இத்தொழிலில் சீக்கிரம் கற்க வேண்டிய பாடம். இயற்கை இறப்பர் ரியூப் ஒரு வகை. பியூற்றைல் இறப்பர் ரியூப் இன்னொரு வகை. பியூற்றைல் காற்றை நன்றாகத் தாங்கும். ஆனால் அதன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு நூறு அலகுக்கு ஒன்றிரண்டு மட்டுமே. கந்தகம் பிடிக்க இடம் குறைவு, வேகுவதும் மெதுவு. இயற்கை இறப்பர் அதனுடன் கலந்தால் இருக்கும் கந்தகத்தை இயற்கை இறப்பரே முதலில் இழுத்துக்கொள்ளும். பியூற்றைல் பச்சையாக நின்றுவிடும். இயற்கை இறப்பர்த் துண்டைப் பியூற்றைல் ரியூபில் சூட்டு ஒட்டுப் போட்டு ஏமாந்தவர்களுக்கு நடந்தது இதுதான்.

ரீபில்ட் வேலையில் அளவு பெரிது, பிழைக்கு விலையும் பெரிது. வாவிக்கரைப் பட்டறைக்கு வரும் உழவு இயந்திரப் பின்ரயர் சேற்றிலும் தண்ணீரிலும் ஊறி வருவது. பெரும்போக உழவு மழையோடு வருகிறது. வெட்டுக்காயத்தின் வழியாகத் தண்ணீர் நூலடுக்குக்குள் இறங்கியிருக்கும். அதை உலர்த்தாமல் அச்சில் ஏற்றினால் உள்ளே நீராவி உண்டாகி அடுக்குகளைப் பிரிக்கும். ரயரைக் காயவைப்பதற்குச் செலவாகும் நாளை வீண் நாள் என்று எண்ணும் பட்டறையின் ரீபில்ட் நிலைக்காது. 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்த பிறகு, படகுப்பாதைக்குக் காத்து நின்ற உழவு இயந்திரங்கள் தார்வீதியில் நேராகவே கரை கடக்கின்றன. சேற்றுக்காக வார்த்த உயரமான ரயர்க் கட்டைகள் சூடான தாரில் விரைவாகத் தேயும். ஆகவே மேற்பட்டிக் கலவையைத் தேர்ந்தெடுக்கும்போது வயலை மட்டும் நினைத்தால் போதாது.

தேய்ந்த பட்டியைச் சீவி, பரப்பைச் சொரசொரப்பாக்கி, சொலுசன் அடித்து, மெல்லிய வேகாத இறப்பர்த் தகட்டை அணையாகக் கொடுத்து, அதன் மேல் மேற்பட்டி வைப்பது பொதுவான முறை. மேற்பட்டியையும் பச்சையாகவே வைத்து அச்சில் 150 பாகை அளவில் வேகவைப்பது ஒரு வழி. ஏற்கெனவே வெந்த பட்டியை ஒட்டி, 100 பாகையைச் சற்றுத் தாண்டிய சூட்டில் அடைத்த கலத்தில் சில மணி நேரம் வைப்பது மறு வழி. இரண்டாவதில் பழைய ரயர் மறுபடியும் கடுஞ்சூடு படுவதில்லை. லொறி ரயருக்கு அது நல்லது. முதலாவதில் கவனிக்க வேண்டியது தடிப்பு. இறப்பர் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். அச்சின் வெப்பமானி 150 காட்டும்போது உழவு ரயர்க் கட்டையின் அடியில் அதைவிட வெகு குறைவாக இருக்கும். மேலே வெந்ததைப் பார்த்து அச்சைத் திறந்தால் உள்ளே பச்சையாக இருக்கும் இறப்பர், அழுத்தம் நீங்கியதும் வாயுக் குமிழிகளால் பஞ்சாகிவிடும். சூட்டை ஏற்றி நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணமும் ஆபத்தானது. பத்துப் பாகை கூடினால் தாக்கத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். உள்ளே வேகுவதற்குள் வெளியே அளவு மீறிவிடும்.

அளவு மீறுவது என்றால் கருகுவது மட்டும் அல்ல. இயற்கை இறப்பரைத் தேவைக்கு மேல் சூட்டில் வைத்தால், போட்ட முடிச்சுகளே அறுந்து, இறப்பர் மறுபடியும் இளகும். பரப்பு பிசுபிசுக்கும், இழுவிசை குறையும். இதைப் புரிந்துகொள்ள முடிச்சின் நீளத்தைப் பார்க்க வேண்டும். இரு சங்கிலிகளுக்கு இடையில் ஒரு கந்தக அணு இருக்கலாம், இரண்டு இருக்கலாம், ஐந்தாறு வரிசையாகவும் இருக்கலாம். காபன்–காபன் பிணைப்பை உடைக்க மூலுக்கு ஏறத்தாழ 350 கிலோயூல் வேண்டும், காபன்–கந்தகத்துக்கு 285, கந்தகம்–கந்தகத்துக்கு 270 அல்லது அதற்கும் குறைவு. ஆகவே நீண்ட கந்தகப் பாலம்தான் சூட்டில் முதலில் அறுகிறது.

அப்படியானால் குட்டைப் பாலமே நல்லது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. திரும்பத் திரும்ப வளையும் ரயர்ப் பக்கச்சுவரில் நீண்ட பாலம்தான் நன்றாக உழைக்கும். அதிக விசை வரும் இடத்தில் அது அறுந்து, பக்கத்தில் மறுபடியும் பிணைந்து, விசையைப் பரப்பிக் கொடுக்கிறது. வெடிப்பு வளர்வது தாமதமாகிறது. கந்தகம் இரண்டு முதல் மூன்றரைப் பங்கும் ஊக்கி அதைவிடக் குறைவாகவும் போட்டால் நீண்ட பாலங்கள் கிடைக்கும். கந்தகத்தை அரைப் பங்கு அளவுக்குக் குறைத்து ஊக்கியைக் கூட்டினால் ஒன்று அல்லது இரண்டு அணுப் பாலங்கள் கிடைக்கும்; அது வெப்பத்தைத் தாங்கும், முதுமையைத் தள்ளிப்போடும், ஆனால் வளைவுக்கு அஞ்சும். எஞ்சின் பக்கத்தில் வெந்துகொண்டிருக்கும் தாங்கிக்கு இரண்டாவது பொருந்தும். கல்லிலும் வரம்பிலும் நசுங்கி நெளியும் ரயருக்கு முதலாவது அல்லது இரண்டுக்கும் நடுவான கலவை பொருந்தும். எவ்வளவு கந்தகம் என்பதைவிட எந்த நீளத்தில் கந்தகம் என்பதே இறப்பரின் குணத்தைத் தீர்மானிக்கிறது. ரயர்த் தொழிலின் இரசாயனத்தில் ஒன்றை மட்டும் மனத்தில் வைப்பதானால் இதை வைக்கலாம்.

தகரக் கூரைக் களஞ்சியம் உலர்வலயத்தின் தனிப் பிரச்சினை. அணைத் தகட்டிலும் பச்சை மேற்பட்டியிலும் கந்தகமும் ஊக்கியும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. சூடான அறையில் தாக்கம் மெல்லத் தொடங்கிவிடும். மாதக்கணக்கில் கிடந்த சுருள் வெளிப்பார்வைக்குப் புதிதாக இருக்கும், ஒட்டும் தன்மை மட்டும் போயிருக்கும். இன்னொரு அறிகுறி மேற்பரப்பில் படியும் வெளிர்மஞ்சள் பூச்சு. சூட்டில் இறப்பருக்குள் கரைந்திருந்த கந்தகம் ஆறியபின் கரைய இடமில்லாமல் வெளியே வந்து பளிங்காகிறது. அதைத் துடைக்காமல் ஒட்டினால் இரண்டு இறப்பருக்கு நடுவில் கந்தகப் படலம் நிற்கும். கந்தகத்தை 159 பாகைக்கு மேல் உருக்கி, அதன் வளையங்கள் திறந்து நெடுஞ்சங்கிலியானதும் சட்டென்று குளிர்வித்துச் செய்யும் கரையாக் கந்தகம் இந்தத் தொல்லையைத் தருவதில்லை. ரயர்த் தொழிற்சாலைகள் அதைப் பயன்படுத்துவது இதற்காகவே. இங்கே கந்தகமே ஒரு பல்பகுதியமாகிவிடுகிறது.

உருக்குக் கம்பி ரயர்களில் கந்தகத்துக்கு இரண்டாவது வேலையும் உண்டு. இறப்பர் உருக்கில் ஒட்டாது. கம்பிக்குப் பித்தளை முலாம் பூசியிருப்பார்கள். வேகும்போது கந்தகம் பித்தளையின் செம்போடு சேர்ந்து செப்புச் சல்பைட்டுப் படலமாகி, இறப்பரையும் கம்பியையும் இறுகப் பிணைக்கிறது. வெட்டுக்காயத்தின் வழியாக வாவியின் உப்புநீர் கம்பியை எட்டினால் அந்தப் பிணைப்பு அழிந்து துரு ஓடும். ஆகவே கம்பி தெரியும் காயத்தோடு ஓட்டிய ரயரை ரீபில்டுக்கு ஏற்காமல் திருப்பி அனுப்பும் பட்டறை நேர்மையான பட்டறை.

கரையோரக் காற்றில் ரயரைத் தாக்கும் இன்னொரு எதிரி ஓசோன். கந்தகம் பிடித்த பிறகும் சங்கிலியில் பெரும்பாலான இரட்டைப் பிணைப்புகள் மிஞ்சியே இருக்கின்றன. ஓசோன் அவற்றை வெட்டும். இழுபட்டு நிற்கும் இறப்பரில் வெடிப்புகள் இழுவைக்குக் குறுக்காக விழும். அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடையில் காற்றிறங்கி நசுங்கிய ரயரோடு வெயிலில் நிறுத்திய உழவு இயந்திரப் பெட்டியின் ரயர்ப் பக்கச்சுவரில் இதைப் பார்க்கலாம். ஒரு கட்டை கொடுத்து உயர்த்தி, ஓலையால் மூடினாலே ரயரின் ஆயுள் கூடும். எரிபொருளும் இறப்பருக்கு எதிரியே. வள்ளத்தின் வெளியிணைப்பு எஞ்சினில் எரிபொருள் போகும் குழாய்க்கு இயற்கை இறப்பர் பொருந்தாது. முடிச்சு விழுந்த இறப்பரும் பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் குடித்து வீங்கும். நைத்திரைல் இறப்பர்தான் அதற்கு உரியது, அதையும் வேகவைப்பது கந்தகமே.

கந்தகத்தை நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் ஏற்றினால் எபொனைற்று என்ற கறுத்த கடினப் பொருள் கிடைக்கும். பழைய பற்றரிப் பெட்டிகளும் எழுதுகோல் உடல்களும் அதனால் ஆனவை. மற்றப் பல்பகுதியங்களும் கந்தகத்தை ஏற்கின்றன. வாவிக்கு வடக்கே வாழைச்சேனையில் 1956இல் தொடங்கிய கடதாசி ஆலை வயல் வைக்கோலின் செலுலோசைக் கடதாசியாக்கியது. அதே செலுலோசை எரிசோடாவிலும் காபன் இருசல்பைட்டிலும் நனைத்தால் கந்தகம் தாங்கிய சாந்தேற்றாகிக் கரையும். அதை அமிலத்தில் பிழிந்தால் விஸ்கோஸ் நூல். பவானி ஆற்றங்கரைச் சிறுமுகையில் தமிழ்நாட்டின் விஸ்கோஸ் ஆலை இம்முறையில் இயங்கியது. அதன் கழிவால் ஆறு கெட்டது, எதிர்ப்பும் எழுந்தது. கந்தக இரசாயனத்தைக் கையாள்பவர்கள் அந்தப் பாடத்தை ஒதுக்கிவைக்கக் கூடாது. பொலிசுதைரீன் மணிகளைச் சல்பூரிக்கமிலத்தோடு தாக்கமுறச் செய்தால் கிடைப்பது வன்னீரை மென்னீராக்கும் பிசின். 2013இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பியூன் குழுவினர் கணக்கைத் தலைகீழாக்கினார்கள். பாதிக்கு மேல் கந்தகமாகவே உள்ள பல்பகுதியத்தை, சிறிதளவு சேதனச் சேர்வையை மட்டும் சேர்த்துச் செய்து காட்டினார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மலையாகக் குவியும் கந்தகத்துக்கு அது ஒரு வழி. அவுஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் சோக்கர் குழு, தோடம்பழத் தோலில் கிடைக்கும் இலிமொனீனோடு கந்தகத்தைச் சேர்த்து, தண்ணீரில் உள்ள இரசத்தைப் பிடிக்கும் பொருளைச் செய்திருக்கிறது. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக இரசாயன மாணவர்களுக்கு இது தூரத்துச் செய்தியாக இருக்கத் தேவையில்லை. கந்தகம், தாவர எண்ணெய், ஒரு சூட்டு அடுப்பு, கவனம் ஆகியவற்றோடு தொடங்கக்கூடிய ஆய்வு இது.

கடைக்காரரின் உடல்நலம் பற்றிச் சொல்லாமல் இந்த விடயம் முடியாது. சில வகை ஊக்கிகள் வேகும்போது ஈரிணை அமீன்களை விடுகின்றன. அவை காற்றில் உள்ள நைதரசன் ஒட்சைட்டுகளோடு சேர்ந்து புற்றுநோயை உண்டாக்கும் நைத்திரோசமீன்களாகலாம். சீவும் தூள் நுரையீரலுக்குப் போகும். சொலுசனின் கரைப்பான் தலையைச் சுற்றவைக்கும், தீயும் பிடிக்கும். அச்சையும் சீவும் பொறியையும் காற்றோட்டமான சாய்ப்பில் வைப்பதற்குப் பெரிய செலவு இல்லை. வாய்க்கவசம் போட்டுச் சீவுவதற்கும் இல்லை.

போட்ட முடிச்சைச் சங்கிலி அறாமல் அவிழ்ப்பதுதான் இத்துறையில் இன்னும் முழுதாகத் தீராத சிக்கல். பழைய இறப்பரை நசுக்கி, சூட்டிலும் இரசாயனத்திலும் போட்டு மீட்கும் முறைகள் உண்டு. ஆனால் மீட்ட இறப்பர் புது இறப்பருக்கு ஈடாகாது. கலவையில் ஒரு பங்காகச் சேர்க்கவே உதவும். ஆகவே பழைய ரயருக்கு முதல் வழி, நூலடுக்கு தெரியுமுன் ரீபில்டுக்குக் கொடுப்பது. அந்த நிலை தாண்டியது வள்ளத்துக்கும் துறைக்கும் இடையில் தாங்கியாகத் தொங்கலாம். முற்றத்தில் கிடந்து மழைநீர் பிடித்தால் டெங்கு நுளம்பு பெருகும். எரித்தால் ஏற்றிய கந்தகம் கந்தகவீரொட்சைட்டாகவும், மிச்சம் கரும்புகையாகவும் நாகச் சாம்பலாகவும் ஊருக்கே திரும்பும். பழைய ரயரைத் தயவுசெய்து எரிக்க வேண்டாம். துளையிட்டுத் தண்ணீர் தங்காமல் வையுங்கள், அல்லது பக்கத்து ரயர்க்கடையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.